பன்னிரண்டாவது கட்டம்

பிப்ரவரி 3, திங்கள்

மதிப்பிற்குரிய பல் பிரிவு நர்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எங்களுக்குச் சாதகமில்லாததையும் விடாமல் எழுதுவேன். வீட்டில் எனக்கு ‘நிருபர்’ என்று பெயர். அப்பா கேலியாக வைத்ததுதான், ஆனால் நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை உங்கள் அறைக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வந்து, பிடுங்காமலே திரும்பிப் போன பெண்ணின் தங்கை. அக்காவுக்கு வயது பத்தொன்பது. ஆட்டிசம் உண்டு. பேசுவாள், ஆனால் தேவைக்கு மேல் ஒரு சொல் செலவழிக்க மாட்டாள். ரயில் கால அட்டவணை முழுவதும் மனப்பாடம். அவள் சட்டைகளில் கழுத்துப் பட்டி உறுத்தும் என்பதால் அம்மா (தையல்காரர்) ஒவ்வொன்றையும் பிரித்து எடுத்துவிடுவார்.

அன்று நடந்தது இது. எங்களை ஒன்பதே முக்காலுக்கு வரச் சொல்லி, பதினொன்று முப்பத்தைந்துக்குக் கூப்பிட்டார்கள். அதுவரை அக்கா ஒரு தடவைகூட எழுந்து நடக்கவில்லை. நாற்காலியில் ஏறியதும் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் இரண்டு தடவை “கையை எடும்மா” என்றார். பிறகு “பிடிங்க” என்றார். நான்கு பேர் பிடித்தீர்கள். அந்த நால்வரில் ஒருவர் என் அம்மா. அக்கா டாக்டரின் விரலைக் கடித்தாள். கையுறைக்கு மேலேதான் கடித்தாள் என்றாலும் கடித்தது கடித்ததுதான். அவள் போட்ட சத்தத்தில் நடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிறகு எல்லாரும் கையை விட்டுவிட்டார்கள். அவளுடைய மருத்துவ அட்டையில் சிவப்பு மையில் ‘ஒத்துழைப்பதில்லை’ என்று எழுதி, முழு மயக்கம் கொடுத்துப் பிடுங்கப் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே கிடைத்த தேதி ஜூன் கடைசி.

அந்த நேரத்தில் நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கையில் புவியியல் புத்தகம் தலைகீழாக இருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. இதையும் குறித்துக்கொள்ளவும்.

அக்கா இப்போது பாலில் ஊறவைத்த பிஸ்கட் மட்டும்தான் சாப்பிடுகிறாள். வலி வரும்போது புறங்கையைக் கடித்துக்கொள்கிறாள். ஜூன் வரை இப்படி இருக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் அறையிலேயே இன்னொரு தடவை முயற்சி செய்ய வேண்டும், யாரும் பிடிக்காமல்.

புகார் என்றால் மாடிப்படிக்குக் கீழே உள்ள பெட்டியில் போடலாம் என்று பலகை இருக்கிறது. அதன் பூட்டு துருப்பிடித்து ஒட்டிப்போய்விட்டது என்று அப்பா சொன்னார். அப்பாதான் உங்கள் மருத்துவமனை லிஃப்டுகளைப் பார்க்கும் மெக்கானிக். திங்களும் வியாழனும் வருவார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். ஆனாலும் கவரை ஒட்டியிருக்கிறேன்.

கூடவே எட்டுக் கட்டத்தில் ஒரு படக்கதை வைத்திருக்கிறேன். அந்த நாளை அக்கா படுத்திருந்த இடத்திலிருந்து பார்த்து வரைந்தது. கோணம் சரியாக வர வேண்டும் என்று அம்மா துணி வெட்டும் மேசையில் நானே மல்லாந்து படுத்து, அம்மாவையும் அப்பாவையும் என் மேல் குனியச் சொல்லிப் பார்த்தேன். கீழிருந்து பார்த்தால் அப்பாகூடப் பயமாகத்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
நிருபர்

*

பிப்ரவரி 6, வியாழன்

அன்புள்ள நிருபருக்கு,

உன் கவர் ஒட்டியபடியே வந்து சேர்ந்தது. உன் அப்பா லிஃப்டுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, “என் மேலதிகாரி குடுத்தனுப்பினாங்க, பதில் வேணுமாம்” என்று கொடுத்தார்.

நீ உண்மையை எழுதினாய், நானும் எழுதுகிறேன். நான்காவது கட்டத்தில் வலது மணிக்கட்டைப் பிடித்திருக்கும் கையில் ஒரு கைக்கடிகாரம் வரைந்திருக்கிறாய் அல்லவா, வார் பிய்ந்து நூல் தொங்குவது? அது என் கை. அந்த நூல்வரை பார்த்திருக்கிறாய். இந்தக் கடிதத்தையும் அதே கையால்தான் எழுதுகிறேன்.

படக்கதையை உணவு இடைவேளையில் எங்கள் மேசையில் வைத்தேன். முதலில் சிரித்தார்கள். டாக்டர் படத்தில் தன் மூக்கைப் பார்த்து, “இது மூக்கா, மூணாவது மாடியா?” என்றார். ஆறாவது கட்டம் வந்ததும் யாரும் சிரிக்கவில்லை. முகமே தெரியாமல் கைகள் மட்டும் வரும் கட்டம் அது. டாக்டர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு முதலிலிருந்து மறுபடி பார்த்தார். “நான் ரெண்டு தடவ சொன்னேனே, கைய எடுன்னு” என்றார். சொன்னீர்கள்தான், ஆனால் எதற்கென்று சொல்லவில்லையே என்றேன். பதினேழு வருடத்தில் அவரை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. உன் கடிதத்தில் இருந்த தைரியம் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

ஆகவே, பிப்ரவரி 27 வியாழக்கிழமை. காலை எட்டு மணி, முதல் ஆள், காத்திருக்க வேண்டாம். யாரும் பிடிக்க மாட்டோம். ஆனால் டாக்டர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். பல்லுக்கடியில் சீழ் கட்டியிருக்கிறது. ஊசி போட்டபின் சில நிமிடம் அவள் வாயைத் திறந்து அசையாமல் இருந்தே ஆக வேண்டும். இந்தத் தடவையும் முடியாவிட்டால் அவர் மூன்றாவது முறை தொட மாட்டார். பிறகு ஜூன்தான்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். நடந்ததை எங்களுக்கு வரைந்து காட்டினாய். இனி நடக்கப்போவதை உன் அக்காவுக்கு வரைந்து காட்டு. எங்கள் அறையில் என்னென்ன எந்த வரிசையில் நடக்கும் என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு படி வருகிறது. எதையும் மாற்றிவிடாதே, நாங்களும் மாற்ற மாட்டோம்.

அன்புடன்,
கடிகாரக் கைக்காரி

*

பிப்ரவரி 10, திங்கள்

அன்புள்ள சிஸ்டர்,

வேலை கெட்டுவிட்டது. எப்படிக் கெட்டது என்று எழுதுகிறேன்.

மூன்று நாள் வரைந்தேன். பன்னிரண்டு கட்டம், வண்ணம் தீட்டியது. நாற்காலிக்குப் பச்சை, சுவருக்கு வெள்ளை. டாக்டர் புன்னகை செய்வது போலவும் அக்கா புன்னகை செய்வது போலவும், கடைசியில் பிடுங்கிய பல்லும் புன்னகை செய்வது போலவும் போட்டேன். ஊசிக் கட்டத்தில் ‘கொஞ்சமும் வலிக்காது’ என்று பெரிய எழுத்தில் எழுதினேன். என் வகுப்பு ஆசிரியை பார்த்து, போட்டிக்கு அனுப்பலாம் என்றார்.

சனிக்கிழமை மாலை அக்காவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், அம்மா துணியில் கோடு போட வைத்திருக்கும் கறுப்பு மெழுகுக்கட்டியை எடுத்து என் படங்களின் மேல் தேய்த்துக்கொண்டிருந்தாள். தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுத விருப்பமில்லை, ஆனால் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். “உனக்காகத்தானே பண்றேன், உனக்கு எதுவுமே புரியாதா?” என்றேன். அக்கா காதைப் பொத்திக்கொண்டு அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் போய் நின்றுகொண்டாள். அட்டையில் எழுதியவர்களைப் பற்றி உங்களிடம் அத்தனை பேசிவிட்டு, நானும் அதையேதான் சொன்னேன், வேறு வார்த்தையில்.

அப்பா வந்து கெட்டுப்போன தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “லிஃப்ட் நின்னா நான் லிஃப்ட திட்டுறதில்ல நிருபரே. எந்த மாடியில நிக்குதுன்னு முதல்ல பாப்பேன்” என்றார். எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. எல்லாவற்றுக்கும் லிஃப்டையே சொன்னால் என்ன செய்வது?

புதிதாக வரைய மனசு வரவில்லை. கெட்டுப்போன பன்னிரண்டையும் அப்படியே வைத்து அனுப்புகிறேன். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வருத்தத்துடன்,
நிருபர்

*

பிப்ரவரி 13, வியாழன்

அன்புள்ள நிருபருக்கு,

முதலில் கண்ணைத் துடை. பிறகு இதனுடன் வைத்திருக்கும் உன் தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பு. உன் அக்கா எங்கே தேய்த்திருக்கிறாள் என்று மட்டும் பார்.

டாக்டர் மேல் தேய்க்கவில்லை. ஊசி மேல் தேய்க்கவில்லை. என்னைக்கூட விட்டுவிட்டாள். முதல் இரண்டு கட்டம், நடையும் வாசலும், சுத்தமாக இருக்கிறது. மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு இடம், வலது மேல் மூலை. நீ அங்கே என்ன வரைந்திருந்தாய்? மஞ்சளாக, சூரியகாந்தி மாதிரி, கதிர்கள் எல்லாம் போட்டு?

நாற்காலிக்கு மேலே தொங்கும் எங்கள் விளக்கு.

அவள் கெடுக்கவில்லை, நிருபரே. அணைத்திருக்கிறாள்.

நேற்று அறை காலியானதும் நான் நாற்காலியில் போய்ப் படுத்தேன். விளக்கைப் போடச் சொன்னேன். டாக்டர், “உங்களுக்குமா பல்லு?” என்று கேட்டுக்கொண்டே, எப்போதும் செய்கிற மாதிரி, விளக்கைப் போட்டு ஒரே இழுப்பில் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையால் முகத்தை மூடிக்கொண்டேன். பதினேழு வருடம் அந்த விளக்கைத் துடைத்திருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு நாளும் படுத்ததில்லை. என் கண்ணுக்கே பத்து நிமிடம் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளி பறந்தது. உன் அக்காவின் கண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? நாங்கள் என்ன செய்தோம் என்றால், அவள் கண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருந்த கைகளைப் பிடித்து விலக்கினோம்.

விளக்கில்லாமல் டாக்டரால் பல் பிடுங்க முடியாது. அதனால் பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம். அவள் வருவதற்கு முன்பே விளக்கு எரிந்துகொண்டிருக்கும், சுவரைப் பார்த்தபடி. திடீரென்று போட மாட்டோம். அவளுக்குக் கறுப்புக் கண்ணாடி. விளக்கைத் திருப்புமுன் டாக்டர் மூன்று எண்ணுவார், மெதுவாகத் திருப்புவார்.

இன்னொன்று. உன் படக்கதையில் பொய் இருந்தது. ‘கொஞ்சமும் வலிக்காது’ என்றாயே, ஊசி குத்தும். பிறகு உதடு தடித்துப்போன மாதிரி இருக்கும். பிடுங்கும்போது கறுக்கென்று சத்தம் வரும், அது தலைக்குள்ளேயே கேட்கும். இதெல்லாம் போடு. பல்லைச் சிரிக்க வைக்காதே. எந்தப் பல்லும் சிரித்துக்கொண்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக, என்னை வரையாதே. நான் அறைக்குள் வரப்போவதில்லை. அவள் மணிக்கட்டுக்கு என் பிடி தெரியும். வெளியே நடையில், எங்கள் அறை விளக்குகளின் சுவிட்ச் பலகைக்குக் கீழே உள்ள பெஞ்சில் இருப்பேன். உள்ளே நடப்பதை நீ பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
கடிகாரக் கைக்காரி

*

பிப்ரவரி 20, வியாழன்

அன்புள்ள சிஸ்டர்,

தரையில் பரப்பிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. நான் ஊன்றிப் பார்ப்பவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்துக் கட்டத்திலும் ஒரே இடத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “ஐந்து நாற்பது பாசஞ்சர் மூன்றாவது மேடை” என்றாள். கோபம் தீர்ந்துவிட்டால் அப்படித்தான் சொல்வாள்.

புதிதாக வரைந்தேன், வண்ணமில்லாமல், பென்சிலும் மையும் மட்டும். மூன்றாவது கட்டத்தில் விளக்கு சுவரைப் பார்க்கிறது. ஐந்தாவதில் ‘ஊசி குத்தும். பத்து எண்ணுவதற்குள் குத்துவது நின்றுவிடும்’ என்று எழுதியிருக்கிறேன். ஒன்பதாவதில் ‘கறுக்’. உங்களை வரையவில்லை. டாக்டருக்காக ஒரு நகல் இதனுடன் வைத்திருக்கிறேன்.

அக்கா வாங்கிப் பார்த்தாள். மெழுகுக்கட்டியை எடுக்கவில்லை. நாற்காலிக்குக் கீழே இடது பக்கம் ஒரு மிதிகட்டை இருக்கிறது, நான் போடவில்லை. அதை அவளே பென்சிலால் வரைந்து கொடுத்தாள். அவ்வளவு கலவரத்திலும் அதைப் பார்த்து வைத்திருக்கிறாள்!

இப்போது தினமும் பள்ளி விட்டு வந்ததும் ஒத்திகை. அம்மாவின் சாய்வு நாற்காலியில் அக்கா. அப்பாதான் டாக்டர், அவருடைய டார்ச் விளக்குதான் பெரிய விளக்கு, ஸ்பூன்தான் கருவி. கறுப்புக் கண்ணாடி அப்பா வெல்டிங் செய்யும்போது போடுவது. அதைப் போட்டால் அக்கா திரைப்பட வில்லன் மாதிரி இருக்கிறாள் என்று அம்மா சொன்னார். அக்காவுக்கு அது பிடித்துவிட்டது, குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுகிறாள். கட்டம் ஒவ்வொன்றும் முடிந்ததும் எண்ணைச் சொல்லி விரலால் தொடுகிறாள். நேற்று அப்பா ஏழாவதை விட்டுவிட்டு எட்டுக்குப் போனார். அக்கா எழுந்து போய்விட்டாள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அதனால் டாக்டரிடம் தயவுசெய்து சொல்லுங்கள், எதையும் விடக் கூடாது.

கடைசிக் கட்டம் மட்டும் எனக்குத் திருப்தி இல்லை. விளக்கு அணைந்ததும் அக்கா எழுந்து நிற்பதாக வரைந்தேன், கால் கோணலாக வந்தது. அழித்தேன், இன்னும் கோணலாயிற்று. பிறகு கட்டம் முழுவதையும் மையால் கறுப்பாக்கி நடுவில் வெள்ளையில் ‘முடிந்தது’ என்று எழுதிவிட்டேன். புத்தகம் முடிகிற மாதிரி கம்பீரமாக இருக்கிறது. ஒத்திகையில் அப்பா டார்ச்சை அணைத்ததும் வெளிச்சம் போய்விடுகிறது (மாலை நேரம், எங்கள் வீட்டு நடு அறைக்கு ஜன்னல் கிடையாது), அக்காவும் எழுந்துவிடுகிறாள்.

கவலையான செய்தி ஒன்று. நேற்றிலிருந்து வலது கன்னம் வீங்கியிருக்கிறது. இரவில் காய்ச்சல் இருந்தது. டாக்டர் சொன்ன மாத்திரையைக் கொடுக்கிறோம். ஜூன் என்பதை இனி அம்மா வாயால் சொல்வதுகூட இல்லை.

ஒரு கேள்வி கேட்கலாமா? கோபத்தில் கேட்கவில்லை. அன்று ஏன் பிடித்தீர்கள்?

அன்புடன்,
நிருபர்

*

பிப்ரவரி 24, திங்கள்

அன்புள்ள நிருபருக்கு,

வீக்கத்துக்கு மாத்திரையை மாற்றி எழுதி வாங்கியிருக்கிறேன், அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். வேளை தவறக் கூடாது.

உன் கேள்விக்கு வருகிறேன். உள்ளதையே சொல்கிறேன். பிடித்துக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். வெளியே இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். சின்னப் பிள்ளைகளை அப்படித்தான் பிடிப்போம், முடிந்ததும் அழுகையை நிறுத்திவிடுவார்கள், நாங்களும் அதோடு மறந்துவிடுவோம். அவர்கள் மறந்தார்களா என்று கேட்டதில்லை. உன் அக்காவின் நாடி என் விரலுக்கடியில் எவ்வளவு வேகமாக ஓடியது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பிடித்தேன்.

டாக்டரிடம் உன் பன்னிரண்டு கட்டத்தைக் கொடுத்தேன். கை கழுவும் இடத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். “ஏழாவத விட்டுடாதீங்க” என்று நான் சொன்னதற்கு, “பரீட்சைக்குக்கூட இவ்வளவு படிச்சதில்ல சிஸ்டர்” என்றார்.

வியாழன் எட்டு மணி.

கடிகாரக் கைக்காரி

*

மார்ச் 2, ஞாயிறு

அன்புள்ள சிஸ்டர்,

பல் வந்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் வெளியே இருந்ததால், கதவுக்கு உள்ளே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றும் இரண்டும் சுலபமாகப் போயின. மூன்றில் அக்கா வாசலில் நின்று விளக்கைப் பார்த்தாள். அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்ப் படுத்தாள், மிதிகட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு. நான்காவதில் டாக்டர் மூன்று எண்ணினார். மூன்று என்று சொன்ன பிறகும் கொஞ்சம் பொறுத்தார். பிறகு கனமான பாத்திரத்தை நகர்த்துவது போல விளக்கைத் திருப்பினார். அக்காவின் கை இரண்டும் மேலே வந்தன. அம்மாவின் கையும் அவளைப் பிடிக்க மேலே வந்ததைப் பார்த்தேன். அம்மா தன் கைகளைத் தானே ஒன்றோடொன்று கோர்த்து மடியில் வைத்துக்கொண்டார். அக்காவின் கை கண்ணாடி விளிம்பைத் தொட்டுவிட்டுத் தானாக இறங்கியது.

ஐந்தாவதில் அக்கா டாக்டரிடம், “குத்தும்” என்றாள். அவருக்குத் தெரியாதோ என்று சொன்ன மாதிரி இருந்தது. டாக்டர், “ஆமா, குத்தும். பத்து வரைக்கும்” என்றார். எண்ணியது அக்காதான், மூக்கால். எட்டிலேயே நின்றுவிட்டது போலிருக்கிறது, ஆனால் பத்து வரை எண்ணித்தான் விட்டாள். ஏழாவதை யாரும் விடவில்லை. ஒன்பதாவதில் ‘கறுக்’ எனக்கே கேட்டது. புவியியல் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், இந்தத் தடவை நேராக. பத்தில் பல் தட்டில் விழுந்தது. பதினொன்றில் பஞ்சைக் கடித்துக்கொண்டாள். பன்னிரண்டில் டாக்டர் விளக்கை அணைத்தார். அம்மா அழத் தொடங்கினார்.

அக்கா எழுந்திருக்கவில்லை.

டாக்டர், “முடிஞ்சிதும்மா, எழுந்திரு” என்றார். அக்கா வாயில் பஞ்சு இருந்ததால் பேசாமல், மடியில் இருந்த தாளை எடுத்துப் பன்னிரண்டாவது கட்டத்தில் விரலை வைத்தாள். டாக்டர் அணைந்த விளக்கைக் காட்டினார். அக்கா மறுபடி விரலை வைத்தாள், அழுத்தமாக. மூன்றாவது தடவை வைக்கும்போது அவள் உடம்பு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. பஞ்சு வாயிலிருந்து நழுவப் பார்த்தது. பஞ்சைக் கடிக்காவிட்டால் ரத்தம் நிற்காது என்று நீங்கள் தனித்தாளில் எழுதியிருந்தீர்கள். அம்மா என்னைப் பார்த்தார். டாக்டர் கதவைப் பார்த்தார். ஆட்களைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தவறு என்னுடையது. கால் கோணலாக வந்ததை மறைக்க நான் பூசிய கறுப்பு அது. ஆனால் அக்காவுக்குக் கட்டத்தில் இருப்பது நடக்க வேண்டும். வீட்டு நடு அறையில் டார்ச் அணைந்தால் இருட்டிவிடும். இங்கே பெரிய விளக்கு அணைந்தும் மேலே குழல் விளக்கு எரிகிறது, ஜன்னலில் வெயில் அடிக்கிறது. பன்னிரண்டு இன்னும் வரவில்லை.

அன்று நான் வாசலிலேயே நின்றேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? இந்தத் தடவையும் அங்கேதான் நின்றிருந்தேன், ஆனால் அப்போது உள்ளே போனேன். “டாக்டர், அந்தக் கறுப்பு நான் போட்டது. ரூம் முழுக்க இருட்டாகணும். அப்பத்தான் அவளுக்கு முடியும்” என்றேன். டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அவ்வளவுதானா?” என்றார். அவரே போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். பிறகு கதவைப் பார்த்து உரக்கச் சொன்னார், உங்களுக்குக் கேட்டிருக்கும்.

“சிஸ்டர், எல்லா லைட்டையும் அணைங்க.”

“எல்லாத்தையுமா?” என்று நீங்கள் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

அறை இருட்டியது. உங்களுக்குத் தெரியாதது இனிமேல் நடந்ததுதான். அக்கா ஆடுவது நின்றது. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சை ஜனவரியிலிருந்து அடக்கி வைத்திருந்தாளோ என்று தோன்றியது (இது என் ஊகம், சாட்சியம் இல்லை). கண்ணாடியைக் கழற்றினாள். இருட்டில் எதிலும் இடிக்காமல் இறங்கி, மிதிகட்டையைத் தாண்டி, கதவுக்குப் போனாள். டாக்டர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். “இந்த ரூம் இவ்வளவு அமைதியா இருக்கும்னு எனக்குத் தெரியாது” என்றார், யாரிடம் என்று தெரியவில்லை.

வெளியே வந்தபோது உங்கள் கை சுவிட்ச் மேலேயே இருந்தது. நீங்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு லிஃப்டுக்குப் போனாள். அவள் ஏன் நின்றாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாக்டர் சிவப்பு எழுத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் நீல மையில் எழுதியிருக்கிறார்: ‘விளக்கைத் திருப்புமுன் சொல்லவும். படம் காட்டவும். பிடிக்க வேண்டாம்.’ கையெழுத்துப் படிக்க மிகவும் சிரமமாக இருந்தது. அப்பா அதை மூன்று தடவை வாசித்துவிட்டு, வண்டிச் சாவியைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

வீக்கம் வடிந்துவிட்டது. நேற்று அக்கா ஒரு ஆப்பிளைக் கடித்தாள். நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்ததால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அப்பாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னீர்களாமே, பன்னிரண்டு கட்டத்தையும் உங்கள் பிரிவில் எல்லாருக்கும் காட்ட ஒரு பிரதி வேண்டும் என்று. வரைகிறேன். ஆனால் வெறும் கட்டங்கள் போதாது என்று நினைக்கிறேன். முதலில் வரைந்த எட்டையும் சேர்த்து, முதலில் நாற்காலியிலிருந்து பார்த்தது, பிறகு எழுந்து வந்தது என்று ஒரே புத்தகமாகத் தைத்துத் தருகிறேன், தைப்பது அம்மா. மற்றவர்களுக்கான பிரதிகளில் கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவேன். வருகிறவர்களையே கேட்டு நிரப்புங்கள். ஒவ்வொருவருக்கும் எது வந்தால் முடிந்ததாகும் என்று நமக்குத் தெரியாது. அக்காவின் பிரதியில் மட்டும் கறுப்பு அப்படியே இருக்கும்.

ஆனால் அக்காவின் பிரதியில் இப்போது பதின்மூன்று கட்டம் இருக்கிறது. இன்று காலை பார்த்தேன். கறுப்புக் கட்டத்துக்கு அடுத்து, காலியாக இருந்த இடத்தில், அவளே பென்சிலால் வரைந்திருக்கிறாள். ஒரு சுவர், ஒரு சுவிட்ச் பலகை, சுவிட்ச் மேல் ஒரு கை. முகம் இல்லை. மணிக்கட்டில் கைக்கடிகாரம், வாரிலிருந்து நூல் தொங்குகிறது. நான் கேட்காமல் அவள் எதையும் சொல்ல மாட்டாள், கேட்டாலும் சொல்வது அபூர்வம். ஆனாலும் கேட்டேன், “இது யாரு?” என்று. “லைட்ட அணைச்சவங்க” என்றாள். மணிக்கட்டைப் பிடித்தவர் என்று சொல்லவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டத்தை டிரேசிங் தாளில் நகல் எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். மூலத்தை அவள் தர மாட்டாள்.

அடுத்த தடவை பல் காட்ட வரும்போது நீங்கள் அறைக்குள் இருக்கலாமா என்று அக்காவிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன். படமாக வரைந்துதான் கேட்பேன். கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பது போல. மெழுகுக்கட்டியை எடுத்தால் உடனே உங்களுக்கு எழுதிவிடுகிறேன். எடுக்காவிட்டாலும் எழுதுகிறேன்.

மணி ஏழரை. அக்கா சாப்பிட்டு முடித்துவிட்டாள். வியாழக்கிழமையிலிருந்து எந்த வேலை முடிந்தாலும் விளக்கை அணைத்தால்தான் முடிந்ததாகக் கணக்கு. சாப்பிடுகிறவர்கள் பாதியில் இருந்தாலும் அவளுக்குப் பொருட்டில்லை. இப்போது சுவிட்ச் பக்கத்தில் வந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடிதம் முடிந்துவிட்டதா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது. இன்னும் ஒரு வரி இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன்.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும் சிஸ்டர், விளக்கை அணைத்துவிட்டாள்.

நிருபர்